கருப்புப் பூச்சுக்குக் கீழே

அத்தியாயம் 11

பரணிலிருந்து மருமகள் அந்த அட்டைப்பெட்டியை இறக்கியதும், அதைப் பார்த்த மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் நாம் போன வாரம் பார்த்ததுதான். எங்கே போனார், எதற்குப் போனார் என்ற கவலையெல்லாம் நமக்குத்தான். அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். இந்த வீட்டு மகன் லிஃப்ட் மெக்கானிக். கிட்டாரில் வாசிக்கத் தெரிந்தது மூன்றே மூன்று கார்டு, அதாவது சுரக்கூட்டு. அந்த மூன்றையும் சொந்தமாகச் செய்த எலக்ட்ரிக் கிட்டாரில்தான் வாசிப்பேன் என்று, பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் ஒரு கிட் வரவழைத்தான். மரம் தனி, கழுத்து தனி, ஒயர் தனி. அந்த அட்டைப்பெட்டிக்குள் இருப்பது அதுதான். பாதிதான் வேலை ஆகியிருந்தது. ஒரு காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, நடைவழியில் நின்ற இரும்பு பீரோவை அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தவன், தள்ளிய கையோடு கீழே சரிந்தான். மாரடைப்பு என்றார்கள். வயது முப்பத்தி நாலு.

பீரோவைத் தள்ளச் சொன்னவள் அவன் மனைவி.

சாதாரணமாகச் சொல்லியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். "மூணு நாளா சொல்றேன், ஒரு பீரோவைத் தள்ள உங்களுக்கு நாள் நட்சத்திரம் பாக்கணுமா?" என்று குத்தலாகச் சொல்லியிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அந்தச் சிரிப்பை அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

பீரோ இன்னமும் அங்கேயேதான் நிற்கிறது. அவன் விட்ட இடத்தில், நடைவழியின் குறுக்கே, கோணலாக. தோளை ஒருக்களித்துத்தான் தாண்ட வேண்டும். மாமனார், மாமியார், மருமகள் மூன்று பேரும் எட்டு மாதமாக அப்படித்தான் தாண்டுகிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட முட்டிக்கொண்டு, முழங்கையைத் தடவிக்கொண்டே போனார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலை எட்டு பத்துக்கு இரும்புக் கால் தரையைக் கீறும் சத்தம் அவளுக்குக் கேட்கும். க்ர்ர் என்று ஒரு முழத் தூரம். அப்புறம் நின்றுவிடும். ஓடிப்போய்ப் பார்த்தால் பீரோ இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை, காதைப் பொத்திக்கொள்கிறாள்.

அந்த வீட்டில் அவன் பாதியில் விட்டது இரண்டே இரண்டு. பீரோ ஒன்று, கிட்டார் ஒன்று. பீரோவைத் தொட அவளுக்குத் தைரியம் இல்லை. கிட்டாரையாவது முடித்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. படித்தவள்தானே, இப்படியா நினைப்பாள் என்று கேட்காதீர்கள். தூக்கம் கெட்டவளுக்கு எந்த நியாயமும் நியாயம்தான்.

ஒரு மணி நேரம் கழித்து மாமனார் திரும்பி வந்தார். தோளில் அவருடைய பழைய கருவிப் பை. அந்தப் பகுதியில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஒயர்மேன்தான். மகன் போன மறுவாரமே பையை அடுத்த தெருக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, இனி இதைத் தொடமாட்டேன் என்று வந்தவர். அதைத்தான் இப்போது போய் வாங்கி வந்திருக்கிறார்.

"ஓட்டை போடறது நான். நீ பார்த்து சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

பின்னறையில் மாமியாரின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். முன்பெல்லாம் மத்தியானத்துக்கு மேல் மெஷினைத் தொடமாட்டார். இந்த எட்டு மாதமாகத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடுகிறது. மருமகளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் இவளும் அழுது தீர்த்திருப்பாள். அந்த மௌனம்தான் ஆளைத் தின்றது.

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கிட்டாரின் உடல் மரத்தைக் கிடத்தினார்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் அவன் பென்சிலால் படம் போட்டிருந்தான். ஒயர் போக வேண்டிய வழிகள் மூன்று, புள்ளிக் கோடுகளாக. ஒன்று, கழுத்துப் பக்கத்தில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழியிலிருந்து நடுக் குழிக்கு. இரண்டு, நடுக் குழியிலிருந்து பின்பக்கம் குமிழ்கள் உட்காரும் குழிக்கு. மூன்று, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியிலிருந்து அதே குழிக்கு ஒரு மெல்லிய துளை, எர்த் ஒயருக்காக. இரண்டாம் கோட்டின் பக்கத்தில் 'மெதுவா' என்று எழுதியிருந்தான். அந்தக் கையெழுத்தின் மேல் அவள் விரல் தன்னையறியாமல் போய் நின்றது.

கழுத்துப் பக்கத்துக் குழி மட்டும் வெறும் மரம். மற்ற குழிகளுக்கு உள்ளே கருப்பாக ஒரு பூச்சு அடித்திருந்தான். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கும் பூச்சாம். அவன் அன்றைக்குச் சொன்னபோது, "அப்படியே உங்க காதுக்கும் கொஞ்சம் அடிச்சிக்குங்க, நான் சொல்றதெல்லாம் ஏற்கெனவே உள்ள போறதில்ல" என்று கிண்டல் செய்திருந்தாள்.

ஏன் பாதிக்கு அடித்தான், பாதியை ஏன் விட்டான் என்று இருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்த வாரக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஒயர்மேன் பையிலிருந்து ஒரு முழ நீள ட்ரில் பிட்டை எடுத்தார். மர உத்தரங்களுக்குள் ஒயர் இழுக்க வைத்திருந்தது, ஆறு மில்லி கனம். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று படத்தோடு ஒட்டிப் பார்த்து, அந்த இடத்தில் டேப் சுற்றினார். மரத்தின் மொத்தக் கனமே இரண்டு விரற்கடைதான். பிட் ஒரு நூல் சாய்ந்தால் முதுகில் பொத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும்.

"சுவத்துல ஓட்டை தப்புனா சிமெண்ட் பூசிடலாம்" என்றார். "மரத்துல தப்பு தப்புதான்."

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அச்சு ஒரு டிகிரி தவறினாலும் போட்டுக்கொண்டவருக்குத் தலை சுற்றும். அந்தக் கண்ணோடு மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பிட்டின் சாய்வைப் பார்த்தாள். கொஞ்சம் மேலே என்றாள், இன்னும் கொஞ்சம் என்றாள், போதும் என்றாள். ட்ரில் முனகியது. அவர் இடது முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டார்.

முதல் வழி ஒழுங்காகவே போனது. இரண்டு விரற்கடை போனதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டி, மறுபடி உள்ளே விட்டு, இப்படி ஆறேழு தடவை. வெளுத்த மரத்தூள் போர்வையில் குவிந்தது. நடுக் குழியின் சுவரில் பிட்டின் மூக்கு எட்டிப் பார்த்தபோது ஒயர்மேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் லேசாக ஒரு களை தெரிந்தது.

பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாம் வழிக்கு மரத்தைத் திருப்பி வைத்தார்கள். கருப்புக் குழிக்குள் படத்தில் இருந்த இடத்தைக் குறித்து, ஆணி முனையால் ஒரு புள்ளி குத்தினாள். பிட்டை அதில் வைத்து அவர் ட்ரில்லை அழுத்தினார்.

பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

முனகல் இல்லை, எதிர்ப்பு இல்லை. தேறிய கைக்கு மரம் எது, மரம் இல்லாதது எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டென்று விசையை விட்டார். வெளியே இழுத்தபோது பிட்டின் திருகில் தூளுக்குப் பதிலாக வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது.

"மரம் இல்லம்மா இது" என்றார் மெல்ல.

காகிதம். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. அவன் இந்த வழியை ஏற்கெனவே துளைத்துவிட்டிருக்கிறான். பூச்சு உள்ளே வழிந்து அடைத்துவிடாமல் இருக்கத் தாளைச் சுருட்டித் துளையின் வாயில் திணித்து, அதன் மேலேயே கருப்பு அடித்திருக்கிறான். துளைத்து முடித்த இடத்துக்குத்தான் பூச்சு. வெறும் மரமாக விட்டது துளைக்காத இடம். பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அவள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டுத் தாளைப் பிடித்தாள். கசங்காமல் திருகித் திருகி இழுத்தாள். அவன் விரல் திணித்த தாள். அது வெளியே வரும்போது துளைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு காற்று வந்தது, யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி.

போர்வையின் மேல் வைத்து விரித்தாள். குறுக்கே கிழித்த ஒரு தாளின் மேல் பாதி. ஒரு ஓரத்தை பிட் தின்றிருந்தது. மீதி நன்றாகவே படிக்க முடிந்தது.

மருத்துவமனைச் சீட்டு அது. நோயாளி என்ற இடத்தில் அவன் பெயர். தேதி, அவன் சாவதற்கு இருபத்தி இரண்டு நாள் முன்பு. கீழே மருத்துவர் எழுதியிருந்தார்: இதய வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறது, கனமான எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது.

தள்ளவோ என்ற சொல்லை அவள் மூன்று முறை படித்தாள்.

அதற்கும் கீழே, உடன் வந்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசியில் ஒரு கோட்டை நீளமாக இழுத்த கையெழுத்து. இந்த வீட்டு மின் பெட்டிக் கதவில், எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டியிருக்கும் காகிதத்தின் அடியிலும் அதே கோடு உண்டு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

அவள் நிமிர்ந்தாள். ஒயர்மேன் ட்ரில்லை மேசையில் வைக்கவும் இல்லை, கையில் பிடிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, இது உங்க கையெழுத்து."

அவர் மறுக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மகன் தன்னிடம் மட்டும் சொன்னதையும், இருவருமாகப் போனதையும், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று மகன் சத்தியம் வாங்கிக்கொண்டதையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். அவளுக்கு அந்த மாதம்தான் கரு கலைந்திருந்தது. அவளை இன்னொரு தடவை அழவிடக்கூடாது என்றானாம்.

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் வந்திராத கோபம். செத்தவன்மேல் பாதி, உட்கார்ந்திருந்தவர்மேல் பாதி.

"சரி, அவர் இருந்தவரைக்கும் சத்தியம். அப்புறம்? எட்டு மாசம் மாமா. நான்தான் அவரைக் கொன்னேன்னு எட்டு மாசமா நெனச்சிட்டிருக்கேன். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"சொன்னா, கொன்னது நான்னு ஆயிடும்மா" என்றார். "அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேருடான்னு ரெண்டு அறை விட்டு இழுத்துட்டுப் போயிருக்கணும். போகல. பயந்தாங்கொள்ளி நான். உன் தலையில அது கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

இப்படிப் பட்டவர்த்தனமாக ஒருவர் ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு என்னதான் சண்டை போடுவது? அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். தினம் காலையில் பீரோ நகரும் சத்தம் தனக்குக் கேட்கிறது என்றாள். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

ஒயர்மேன் தலையைத் தூக்கினார்.

"எட்டு பத்துக்கா?" என்றார்.

அவள் கை அப்படியே நின்றது.

"எனக்கும் கேக்குது" என்றார் அவர். "வயசான காது, அப்படித்தான்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பின்னறையில் மெஷின் ஓடவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அது கேட்டது.

க்ர்ர் என்று இரும்புக் கால் தரையைக் கீறியது. ஒரு முழம் போய் நிற்கும் என்று அவள் காத்திருந்தாள். நிற்கவில்லை. மறுபடி கீறியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

"உங்களுக்குக் கேக்குதா மாமா?" என்றாள்.

"கேக்குது" என்று எழுந்தார்.

நடைவழிக்கு அவள்தான் முதலில் போனாள். மாமியார் பீரோவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் எதிர்ச் சுவரில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நழுவி உதட்டுக்கு வந்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அறுபத்தி மூன்று வயதில் தனியாளாக அதை ஒன்றே கால் முழம் நகர்த்தியிருந்தார்.

"நின்னு வேடிக்கை பாக்காம ஆளுக்கொரு கை குடுங்க" என்றார்.

குடுத்தார்கள். மூன்று பேருமாகத் தள்ள, பீரோ அறைக்குள் போய்ச் சுவரோடு சேர்ந்தது. இரண்டு நிமிட வேலை. இதற்கா எட்டு மாதம்? அது நின்ற இடத்தில் தரை கட்டம் கட்டினாற்போல் வேறு நிறத்தில் இருந்தது.

மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பேசியதெல்லாம் கேட்டுச்சு என்றார். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, இந்த வீட்டுச் சுவர்களுக்கு உண்டு. பிறகு மருமகள் கையிலிருந்த தாளைக் காட்டி, அதைக் கிழித்துக் கொடுத்ததே தான்தான் என்றார்.

ஒயர்மேன் திரும்பி மனைவியைப் பார்த்தார். தனக்கும் மகனுக்கும் மட்டும் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அது.

துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைப் பார்ப்பது மாமியாரின் வழக்கம். அப்படித்தான் அந்தச் சீட்டு கிடைத்திருக்கிறது. மேல் பாதியை மட்டும் படித்தாராம், அதற்குக் கீழே கண் ஓடவில்லை. அன்றைக்கே மகன் வந்து, ஓட்டையில் அடைக்க வேண்டும், தையல் கழிவுக் காகிதம் இருந்தால் கொடு என்று கேட்டிருக்கிறான். காகிதக் கூடை நிறையக் காகிதம் இருந்தது. அவர் இந்தச் சீட்டை எடுத்து, அவன் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்து நீட்டினார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான். அவன் தாளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மேல் பாதியைச் சுருட்டித் திணித்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக் கருப்பு அடித்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

"அப்போ அன்னைக்குக் காலையில..." என்று தொடங்கிய மருமகளால் முடிக்க முடியவில்லை. மாமியாரே முடித்தார்.

"நான் மெஷின்லதான் இருந்தேன். நீ தள்ளச் சொன்னதும் கேட்டுச்சு, பீரோ நகர்ற சத்தமும் கேட்டுச்சு. எழுந்து வந்து விடுடான்னு சொன்னா, ஏன்னு நீ கேப்பே. சொல்ல வேண்டி வரும்." அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிச் சுருட்டத் தொடங்கினார். "சத்தம் காதுல விழக்கூடாதுன்னு மெஷினை வேகமா மிதிச்சேன்மா. துணிகூட இல்ல அதுல."

மூன்று பேரும் அழவில்லை. அழுகையெல்லாம் தாண்டிய இடம் அது. அவள் போய் மாமியாரின் பக்கத்தில், தோள் உரசும்படி உட்கார்ந்தாள். இத்தனை நாளாக ஒரு குற்றத்தை மூன்று பேரும் தனித்தனியாக, முழுசு முழுசாகச் சுமந்திருக்கிறார்கள். பங்கு போட்டிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார்தான் நினைவுபடுத்தினார். "கீழ்ப் பாதியை நான் படிக்கல. அவன் படிச்சான். படிச்சிட்டு அதுல பென்சில்ல என்னமோ எழுதுனான். அப்புறம்தான் அதையும் அடைச்சான்."

எதில் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது துளை, எர்த் ஒயருக்கான மெல்லிய துளை.

மூவரும் எழுந்து மேசைக்கு நடந்தார்கள். நடைவழி இப்போது காலியாகக் கிடந்தது. ஆனாலும் பீரோ நின்றிருந்த இடம் வந்ததும் மூன்று பேரும், ஒருவர் பின் ஒருவராக, தோளை ஒருக்களித்துக்கொண்டுதான் தாண்டினார்கள்.

ஒயர்மேன் டார்ச்சைப் பிடித்தார். பிரிட்ஜின் அடியில், கருப்புப் பூச்சு படிந்த சின்ன வட்டத்தை அவள் நகத்தால் சுரண்டினாள். தாளின் விளிம்பு தெரிந்தது. அவள் இடுக்கியை மாமியாரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"உனக்குத்தான் எழுதியிருப்பான். நீயே எடு" என்றார்.

அவள் இடுக்கியை உள்ளே விட்டாள்.